பழ ஈ கலப்புச் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழ ஈயை வைத்து மரபுப் பண்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று சோதிக்கத் தொடங்குகிற எவருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ‘விகிதம் வரவில்லை’ என்று வருபவர்களில் பலருக்குக் கணக்கு சரியாகவே இருக்கும், கோளாறு குப்பிக்குள் இருக்கும். அதனால் வளர்ப்பில் தொடங்கி, பிறகு விகிதங்களுக்கு வருகிறோம். பெற்றோரின் நேரடிப் பிள்ளைகளை எஃப்1 என்றும், அவற்றைத் தமக்குள் கலந்து வரும் தலைமுறையை எஃப்2 என்றும் குறிக்கிறோம். சிவப்புக் கண், வெளிர் பழுப்பு உடல், நீண்ட சிறகு உள்ளது இயல்வகை.

1. மெண்டல் பட்டாணியில பண்ணினதையே பண்ணலாமே, ஈ எதுக்கு?

பட்டாணியில் ஒரு தலைமுறைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழ ஈயான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரில் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நாள் போதும். ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், எல்லாம் ஒரு சிறு குப்பிக்குள் வளர்ந்துவிடும். குரோமோசோம்களும் நான்கு ஜோடிதான்: எக்ஸ்–ஒய் என்ற பால் குரோமோசோம்கள், 2, 3, பிறகு மிகச் சிறிய 4. ஒரு மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கலப்புகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டாணிப் பூவில் ஆண் பெண் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் பால் சார்ந்த மரபை அதில் பார்க்கவே வழியில்லை. 1910-இல் மரபியலாளர் மார்கன் ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈயிலிருந்து அதைக் காட்டினார். 1913-இல் அவருடைய மாணவர் ஸ்டர்ட்டெவன்ட் எக்ஸ் குரோமோசோமின் மரபணுக்களை வரிசைப்படுத்தி முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்டார்.

2. ஒரு கிராஸ் போட்டா எந்த நாள்ல என்ன செய்யணும்?

25 டிகிரியில் கணக்கு இப்படிப் போகும். பெற்றோரை விட்ட நாள் 0. ஒரு நாளில் முட்டை பொரியும். 4, 5-ஆம் நாளில் பெரிய லார்வாக்கள் உணவைவிட்டுக் கண்ணாடிச் சுவரில் ஏறி, கூட்டுப்புழு ஆகத் தொடங்கும். 7-ஆம் நாள் பெற்றோரை ஒன்று விடாமல் வெளியேற்றுங்கள். 10-ஆம் நாள் வாக்கில் எஃப்1 வெளிவரத் தொடங்கும். 18-ஆம் நாளோடு அந்தக் குப்பியை எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவதில் அடுத்த தலைமுறையும் கலந்துவிடும்.

பெற்றோரை எடுக்க மறப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு தாய் ஈ மிஞ்சினாலும் எஃப்1 என்று எண்ணுவதில் அதுவும் சேரும், எஃப்2-க்கு எடுக்கும் ஜோடியிலும் புகுந்துவிடும். குப்பியின் மேல் கலப்பு, பெண் எது, ஆண் எது, போட்ட தேதி, பெற்றோரை எடுத்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். 18 டிகிரியில் எல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு நாள் எடுக்கும். 29 டிகிரியைத் தாண்டினால் ஆண்கள் மலடாகத் தொடங்கும். கோடையில் ‘லார்வாவே வரல’ என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியை.

3. உணவு ஒண்ணு பூஞ்சை பிடிக்குது, இல்லைன்னா கூழாட்டம் இருக்கு. அளவு என்ன?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அகார் 8 கிராம், மக்காச்சோள மாவு 70 கிராம், சர்க்கரை 70 கிராம், உலர் ஈஸ்ட் 15 கிராம். அகாரைத் தண்ணீரில் முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, மற்றவற்றைத் தனியே குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, விடாமல் கிளறி 10, 15 நிமிடம் வேகவிடுங்கள். ஈஸ்ட் சாகாவிட்டால் குப்பிக்குள் புளித்து, வாயு உணவையே மேலே தள்ளிவிடும். பிறகு 60 டிகிரிக்கு ஆறவிட்டு, புரோப்பியானிக் அமிலம் 4 மி.லி., எத்தனாலில் கரைத்த 10 சதவீத நிபாஜின் என்ற பூஞ்சைத்தடுப்பி 10 மி.லி. சேருங்கள். குப்பிக்கு 8 முதல் 10 மி.லி. ஊற்றினால் போதும்.

கூழாவதற்குக் காரணம் பெரும்பாலும் அமிலத்தைக் கொதிநிலையிலேயே ஊற்றுவது. சூட்டில் அமிலம் அகாரை உடைத்துவிடும். பூஞ்சைக்குக் காரணமும் பல நேரம் அதே அவசரம்தான், சேர்த்த காப்புப் பொருளில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடுகிறது. ஊற்றிய குப்பிகளைத் துணி மூடி ஒரு நாள் ஆறவிட்டு, சுவரில் நீர்த்துளி இல்லாதபோதுதான் பஞ்சடைப்பு போட வேண்டும். ஈரச் சுவரில் ஒட்டிய சிறகு பிறகு விடுபடாது.

4. ஆண், பெண் எப்படிச் சட்டுனு அடையாளம் பார்க்கிறது?

பெண் சற்றுப் பெரியது, வயிற்று நுனி கூர்மையாக இருக்கும், குறுக்குக் கோடுகள் நுனிவரை தனித்தனியாகத் தெரியும். ஆணின் வயிற்று நுனி உருண்டை, கடைசிக் கண்டங்கள் முழுக் கறுப்பு. இது நிறம் முழுதாக ஏறிய ஈக்களுக்குச் சரி. அப்போதுதான் வெளிவந்த ஈ நிறமற்று நீண்டிருக்கும், எபோனி என்ற கறுப்பு வகை ஈயோ உடம்பு முழுக்கக் கறுத்திருக்கும். இரண்டிலும் வயிற்று நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

அப்போது முன்னங்காலைப் பாருங்கள். ஆணின் முன்னங்காலில் சிறு கரிய முட்கள் வரிசையாக, ஒரு புள்ளிபோலத் தெரியும். அதற்குப் பால்சீப்பு என்று பெயர். அது இருந்தால் ஆண், வேறு பேச்சில்லை. ஈயை மல்லாக்கப் போட்டு 20 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் தெரியும்.

5. வர்ஜின் பெண் வேணும்னு ஏன் இவ்வளவு கெடுபிடி? எப்படிப் பிடிக்கிறது?

பெண் ஈ ஒருமுறை புணர்ந்தால் விந்தணுக்களை உடலுக்குள் சேமித்துவைத்து, நாட்கணக்கில் அதையே பயன்படுத்தி முட்டையிடும். நீங்கள் பிறகு எந்த ஆணோடு விட்டாலும், பிள்ளைகளில் ஒரு பங்குக்கு ஸ்டாக் (ஒரே வகை ஈக்களைத் தொடர்ந்து வளர்க்கும்) குப்பியில் இருந்த அதன் சகோதரனே தகப்பனாக இருப்பான்.

25 டிகிரியில், வெளிவந்த முதல் 8 மணி நேரத்தில் பெண்கள் பொதுவாகப் புணர்வதில்லை. ஆகவே காலையில் ஸ்டாக் பாட்டிலிலிருந்து எல்லா ஈக்களையும் வெளியேற்றுங்கள், மூலையில் ஒன்று ஒளிந்திருந்தாலும் தட்டி எடுங்கள். 6 மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்து, புதிதாக வந்த பெண்களைத் தனிக் குப்பிக்கு மாற்றுங்கள். இரவில் 18 டிகிரியில் வைத்தால் இடைவெளியை 16 மணி நேரம்வரை நீட்டலாம். மிகப் புதிய ஈயின் வெளிறிய வயிற்றில், இடப்பக்கம், கரும்பச்சைப் புள்ளி ஒன்று தோலுக்கு அடியில் தெரியும். அது லார்வாப் பருவ உணவின் கழிவு. அந்தப் புள்ளி உள்ள பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்த பெண்களை ஆண் இல்லாமல் 3 நாள் உணவுக் குப்பியில் வைத்திருங்கள். கன்னி ஈயும் முட்டை இடும், ஆனால் பொரியாது. லார்வா நெளிவதைப் பார்த்தால் அந்தக் குப்பி முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள், ‘ஒன்று மட்டும்தானே கெட்டிருக்கும்’ என்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

6. மயக்குறப்பவே பாதி செத்துப்போகுது, என்ன தப்பு பண்றேன்?

நேரம்தான். ஈத்தரில் ஈக்கள் அசைவற்று விழுந்த உடனே எடுத்துவிட வேண்டும். சிறகுகள் உடம்பிலிருந்து விலகி நிமிர்ந்து, கால்கள் சுருண்டிருந்தால் அது இனி எழாது. ஈத்தர் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அறையில் எந்தச் சுடரும் கூடாது. கார்பன் டை ஆக்சைடு வசதி இருந்தால் அதுவே நல்லது. அதிலும் 10, 15 நிமிடத்துக்கு மேல் கிடத்திவைத்தால் மலட்டுத்தன்மையும் சாவும் கூடும். எண்ண மட்டும் வேண்டுமானால் குளிரே போதும்: குப்பியைப் பனிக்கட்டியில் சில நிமிடம் புதைத்து, பனிக்கட்டி மேல் வைத்த தட்டில் வடிதாள் விரித்துக் கொட்டுங்கள். தட்டில் நீர் கோத்தால் தாளை மாற்றுங்கள்.

மயங்கிய ஈக்களைப் புதுக் குப்பியில் போடும்போது குப்பியைப் படுக்கவைத்து, அவை எழுந்து நடந்த பிறகுதான் நிமிர்த்த வேண்டும். மயக்க மருந்தின் பெயரில் எழுதப்படும் சாவுகளில் பாதி, உணவில் விழுந்து ஒட்டிய சாவுகள்.

7. எது பெண், எது ஆண்னு மாத்திப் போட்டா என்ன? ஆட்டோசோம்னா ஒண்ணுதானே?

ஆட்டோசோம், அதாவது பால் குரோமோசோம் அல்லாத 2, 3, 4-இல் உள்ள மரபணு என்றால் விகிதம் ஒன்றுதான். பாதுகாப்பு ஒன்றல்ல. ஒடுங்கு பண்புள்ள (இயல்வகைப் பிரதி கூட இருந்தால் மறைந்துவிடும் பண்பு) ஈயைப் பெண்ணாகவும் இயல்வகையை ஆணாகவும் வையுங்கள். செபியா (கரும்பழுப்பு) கண் பெண்ணை இயல்வகை ஆணோடு விட்டால் எஃப்1 முழுவதும் சிவப்பு. அதில் ஒரு செபியா ஈ வந்தால், தாய் ஏற்கெனவே புணர்ந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். மாற்றி வைத்தால், புணர்ந்துவிட்ட இயல்வகைத் தாயின் பிள்ளைகளும் சிவப்பாகவே இருக்கும். தவறு எஃப்1-இல் மறைந்து, எஃப்2-இல் செபியா குறைவாக வரும்போது காரணம் தெரியாமல் விழிப்பீர்கள்.

எக்ஸ் குரோமோசோம் சந்தேகம் இருந்தால் இரண்டு திசையிலும் போட்டே ஆக வேண்டும். அதைப் பத்தாம் கேள்வியில் பார்ப்போம்.

8. எஃப்1-ஐ எஃப்1 கூட கலக்கிறப்பவும் வர்ஜின் பிடிக்கணுமா?

வேண்டாம். எஃப்1 பெண் எந்தச் சகோதரனோடு புணர்ந்திருந்தாலும் அவன் மரபணு அமைப்பு நீங்கள் தேர்ந்தெடுக்கப்போகும் ஆணுடையதேதான். 4, 5 ஜோடியை எடுத்துப் புதுக் குப்பியில் விட்டால் போதும். ஆனால் எஃப்1 பெண்ணை வேறு ஆணோடு, அதாவது சோதனைக் கலப்புக்காக ஒடுங்கு பண்புள்ள ஆணோடு விடுவதானால், அந்த எஃப்1 பெண் கட்டாயம் கன்னியாக இருக்க வேண்டும்.

9. 20 ஈ எண்ணினேன், 13-க்கு 7 வந்துச்சு. இது 3:1-ஆ இல்லையா?

அந்த எண்ணிக்கை எதையும் சொல்லாது. கை-வர்க்கச் சோதனை போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு வகைக்கும் கண்டதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்ததால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 3:1 என்றால் எதிர்பார்ப்பது 15, 5. மதிப்பு 4/15 + 4/5 = 1.07. 1:1 என்றால் 10, 10. மதிப்பு 9/10 + 9/10 = 1.8. இரண்டு வகை இருக்கும்போது கட்டின்மை அளவு (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 1, 5 சதவீத எல்லை 3.84; மதிப்பு அதைத் தாண்டினால்தான் அந்த விகிதத்தை மறுக்கலாம். இரண்டுமே அதற்குள் அடங்கிவிட்டன. 13-க்கு 7 என்பது 2:1-க்கும் பொருந்தும்.

இப்போது 412 ஈயில் 318 சிவப்பு, 94 செபியா என்று வைத்துக்கொள்ளுங்கள். 3:1 என்றால் 309, 103 எதிர்பார்க்கிறோம். 81/309 + 81/103 = 1.05. 3:1 தாராளமாகப் பொருந்துகிறது, 1:1-க்கோ இது எட்டாத தூரம். ஒரு பண்புக்கு 200-க்குக் குறையாமலும், இரு பண்புக் கலப்புக்கு 400-க்குக் குறையாமலும் எண்ணுங்கள். நான்கு வகைக்குக் கட்டின்மை அளவு 3, எல்லை 7.81.

இரண்டு எச்சரிக்கை. சதவீதத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது, எண்ணிய ஈக்களை மட்டும்தான் போட வேண்டும். அடுத்து, எல்லைக்குள் வந்தால் கருதுகோள் ‘நிரூபணமானது’ என்று எழுதக் கூடாது. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

10. வெள்ளைக் கண் கிராஸ்ல எஃப்2 மொத்தம் 3:1 வந்திருச்சு. அப்போ ஆட்டோசோம்தானே?

மொத்தமாக எண்ணினால் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வெள்ளைக் கண் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சிவப்புக் கண் பெண்ணையும் வெள்ளைக் கண் ஆணையும் கலந்தால் எஃப்1 முழுவதும் சிவப்பு. எஃப்2-இல் பெண்கள் எல்லாம் சிவப்பு, ஆண்களில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. பாலைப் பிரிக்காமல் கூட்டினால் அச்சு அசலாக 3:1. எண்ணும் தாளில் முதல் நாளிலிருந்தே ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி போடுங்கள். ஆட்டோசோம் பண்பு என்று உறுதியாகத் தெரிந்திருந்தாலும் போடுங்கள்.

மறுதலைக் கலப்பு இதைச் சந்தேகமில்லாமல் காட்டிவிடும். வெள்ளைக் கண் பெண்ணையும் சிவப்புக் கண் ஆணையும் விட்டால், எஃப்1-இலேயே மகள்கள் சிவப்பு, மகன்கள் வெள்ளை. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. எஃப்2-இல் சிவப்புப் பெண், வெள்ளைப் பெண், சிவப்பு ஆண், வெள்ளை ஆண் என நான்கும் 1:1:1:1.

11. அந்த வெள்ளைத் தாய் கிராஸ்ல வெள்ளைக் கண் மகள் ஒண்ணு வந்திருக்கு. கிராஸ் கெட்டுப்போச்சா?

எத்தனை வந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு குப்பியில் பல வெள்ளை மகள்கள் என்றால் தாய் கன்னியல்ல (கேள்வி 5). பல குப்பிகள் சேர்த்து ஆயிரக்கணக்கில் எண்ணியதில் ஒன்றிரண்டு என்றால், அது தூக்கிப்போட வேண்டிய ஈ அல்ல. தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் பிரியாமல் ஒரே முட்டைக்குப் போயிருக்கலாம். அந்த முட்டையில் தகப்பனின் ஒய் சேர்ந்தால் எக்ஸ்-எக்ஸ்-ஒய், வெள்ளைக் கண் பெண். எக்ஸே இல்லாத முட்டையில் தகப்பனின் எக்ஸ் சேர்ந்தால் சிவப்புக் கண் ஆண். ஈயில் ஆணா பெண்ணா என்பதை எக்ஸ்களின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது, ஒய் அல்ல. ஒய் விந்தணு உண்டாக மட்டும் வேண்டும், ஆகவே ஒய் இல்லாத அந்தச் சிவப்பு ஆண் மலடு.

மரபணுக்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்பதற்கு மார்கனின் மற்றொரு மாணவர் பிரிட்ஜஸ் 1916-இல் வைத்த சான்று இப்படி வரும் விதிவிலக்கு ஈக்கள்தான். சோதித்துப் பார்க்கவும் முடியும்: சிவப்பு ஆணைக் கன்னிப் பெண்கள் இரண்டு மூன்றோடு விடுங்கள். லார்வா வந்தால் அது வெளியிலிருந்து நுழைந்த சாதாரண ஈ.

12. செபியாவையும் எபோனியையும் கலந்தேன். 9:3:3:1 எதிர்பார்த்தா, இரண்டு பண்பும் சேர்ந்த ஈ ஒண்ணுகூட வரல. ஏன்?

வரவே வராது. இரண்டு மரபணுக்களும் மூன்றாம் குரோமோசோமில் இருக்கின்றன. அத்தோடு, டிரோசோஃபிலா ஆணில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடப்பதில்லை. எஃப்1 ஆணுக்கு ஒரு குரோமோசோமில் செபியா, மற்றதில் எபோனி. அதன் விந்தணுக்கள் ஒன்று செபியாவைக் கொண்டுபோகும், இல்லையேல் எபோனியை, இரண்டையும் சேர்த்து ஒருபோதும் கொண்டுபோகாது. இரட்டை ஒடுங்கு ஈ உருவாக இரு பெற்றோரிடமிருந்தும் இரண்டும் வர வேண்டுமே. ஆகவே எஃப்2 விகிதம் 2 இயல்வகை, 1 செபியா, 1 எபோனி, 0 இரண்டும். எஃப்1 பெண்ணில் எவ்வளவு குறுக்கேற்றம் நடந்தாலும் இந்த விகிதம் மாறாது, தாளில் போட்டுப் பாருங்கள். பூஜ்ஜியம் கிடைத்ததே பிணைப்புக்கு, அதாவது இரண்டும் ஒரே குரோமோசோமில் இருப்பதற்கு, சான்று.

9:3:3:1 வேண்டுமென்றால் வெவ்வேறு குரோமோசோமில் உள்ள ஜோடியை எடுங்கள். வெஸ்டிஜியல் (குறுகிச் சிதைந்த) சிறகு இரண்டாம் குரோமோசோமில், எபோனி மூன்றில். இந்தக் கலப்பு ஒழுங்காக வரும், ஆனால் எண்ணும்போது கேள்வி 16-ஐப் படித்துவிட்டு எண்ணுங்கள்.

13. வரைபடத் தூரம் கண்டுபிடிக்க எது எளிய கிராஸ்?

ஒயிட், மினியேச்சர், ஃபோர்க்டு மூன்றும் எக்ஸில் இருக்கின்றன: வெள்ளைக் கண், குட்டைச் சிறகு, முறுக்கிய மயிர்க்கால். மூன்றும் உள்ள கன்னிப் பெண்ணை இயல்வகை ஆணோடு விடுங்கள். எஃப்1 மகன்கள் தாயின் எக்ஸை மட்டும் பெறுவதால் மூன்று ஒடுங்கு பண்பும் உள்ளவை. ஆக எஃப்1-ஐ எஃப்1 உடன் கலப்பதே சோதனைக் கலப்பாகிவிடுகிறது. கேள்வி 8-இன்படி இரண்டாம் சுற்றுக்குக் கன்னி பிடிக்கும் வேலையும் இல்லை, எஃப்2-இல் ஆண் பெண் இரண்டையும் எண்ணலாம். குறுக்கேற்றம் பெண்ணில்தான் என்பதால் ஆட்டோசோம் மரபணுக்களுக்கும் கலப்பு ஈ பெண்ணாகவே இருக்க வேண்டும்.

கணக்குக்கு 1000 ஈ என்று வையுங்கள். மூன்றும் உள்ளவையும் மூன்றும் இல்லாதவையும் சேர்ந்து 510. ஒயிட் மட்டும் 141, மினியேச்சர்–ஃபோர்க்டு 139. ஒயிட்–மினியேச்சர் 82, ஃபோர்க்டு மட்டும் 78. ஒயிட்–ஃபோர்க்டு 26, மினியேச்சர் மட்டும் 24. மிகச் சிறிய ஜோடியான கடைசி இரண்டு இரட்டைக் குறுக்கேற்றம். அதில் இடம் மாறி நிற்கும் மினியேச்சர்தான் நடுவில் இருக்கும் மரபணு. ஒயிட்–மினியேச்சர் தூரம் (141+139+26+24)/1000, அதாவது 33 அலகு (இடையில் குறுக்கேற்றம் நடந்த ஈக்களின் சதவீதம்). மினியேச்சர்–ஃபோர்க்டு (82+78+26+24)/1000, 21 அலகு. இரட்டையை இரண்டு தூரத்திலும் சேர்க்க மறப்பவர்களுக்குத் தூரம் குறைந்துவிடும்.

இரட்டைக் குறுக்கேற்றம் 0.33 × 0.21 × 1000, அதாவது 69 வர வேண்டும், வந்தது 50. ஒரு குறுக்கேற்றம் பக்கத்தில் இன்னொன்றைத் தடுக்கிறது. இந்தத் தடுப்பின் அளவான குறுக்கீடு 1 – 50/69, சுமார் 0.28.

14. சுருள் சிறகு ஈக்களைத் தங்களுக்குள்ள கலந்தா 3:1 வராம 2:1 மாதிரி வருது.

2:1-தான் சரி. சுருள் சிறகு தரும் கர்லி, சிறகைப் பொறுத்தவரை ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே தெரியும். ஆனால் அந்தக் குரோமோசோம் இரண்டு பிரதி சேர்ந்தால் ஈ வெளிவருமுன்பே இறந்துவிடும். நான்கில் ஒரு பங்கு காணாமல்போக, மிஞ்சியது இரண்டு சுருள், ஒன்று நேர். 300 ஈயில் 200:100 கிடைத்தால் 3:1-க்கு எதிராகக் கை-வர்க்க மதிப்பு 11.1, தயங்காமல் மறுக்கலாம். குளிர்ந்த அறையில், 19 டிகிரி வாக்கில் வளர்த்தால் கர்லி சிறகு நேராகவே தோன்றக்கூடும். அப்போது எந்த விகிதமும் நிலைக்காது. கர்லி கலப்புகளை 25 டிகிரியில் வையுங்கள்.

15. ஸ்கார்லெட்டையும் பிரவுனையும் கலந்தேன், எஃப்2-ல வெள்ளைக் கண் வந்திருக்கு. வெளி ஈ நுழைஞ்சிருச்சோ?

இல்லை, நல்ல முடிவு அது. இயல்வகைக் கண்ணின் நிறம் இரண்டு நிறமிகளின் கலவை: பளிச்சென்ற சிவப்பு ஒன்று, பழுப்பு ஒன்று. ஸ்கார்லெட் ஈயில் பழுப்பு நிறமி இல்லை, பிரவுன் ஈயில் சிவப்பு நிறமி இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. ஸ்கார்லெட் மூன்றாம் குரோமோசோம், பிரவுன் இரண்டாம் குரோமோசோம் என்பதால் 9 இயல்வகை, 3 ஸ்கார்லெட், 3 பிரவுன், 1 வெள்ளை.

இது பத்தாம் கேள்வியில் வந்த வெள்ளை அல்ல என்று உறுதி செய்ய, இந்த வெள்ளைக் கண் ஆணை ஒயிட் ஸ்டாக்கின் கன்னிப் பெண்ணோடு கலந்து மகள்களைப் பாருங்கள். மகள்கள் சிவப்பு. ஒன்றில் உள்ள குறையை மற்றது நிரப்புகிறது, அதாவது கெட்டிருப்பவை வெவ்வேறு மரபணுக்கள். மகன்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவை தாயின் எக்ஸால் எப்படியும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

16. எப்பவும் ஒடுங்கு வகைதான் குறைவா வருது. என் கையிலதான் கோளாறா?

பாதி ஈயின் கோளாறு, பாதி எண்ணுபவரின் கோளாறு. வெஸ்டிஜியல் போன்ற மாற்றுருக்கள் (இயல்வகையிலிருந்து மாறிய ஈக்கள்) பிழைப்பதிலேயே பலவீனமானவை. பறக்க முடியாததால் உணவில் சிக்கும், தாமதமாகவும் வெளிவரும். முதல் மூன்று நாள் மட்டும் எண்ணி நிறுத்தினால் இயல்வகை கூடிவிடும். ஆகவே குப்பிக்கு 4, 5 ஜோடிக்கு மேல் விடாமல், நெரிசல் இல்லாமல் வளர்த்து, கேள்வி 2-இல் சொன்ன கடைசி நாள்வரை எண்ணுங்கள்.

பார்வைப் பிழைகளும் உண்டு. இப்போதுதான் வெளிவந்த ஈயின் சிறகு மடங்கி இருக்கும், அதை வெஸ்டிஜியல் என்று எழுதிவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிறகு விரிந்திருக்கும். புதிய எபோனி ஈயும் வெளிறியே இருக்கும், கறுக்கச் சில மணி நேரம் ஆகும். செபியா கண் முதலில் பழுப்புச் சிவப்பாக இருந்து, வயது ஏற ஏறக் கருமையாகும். இரண்டு நாள் வயதான ஈயில் பார்ப்பது நல்லது. எபோனியின் ஒரு பிரதி மட்டும் உள்ள ஈ இயல்வகையைவிட ஒரு சாயல் கறுப்பாக இருக்கும். அதை எபோனி பத்தியில் சேர்த்துவிடாமலிருக்க, உறுதியான எபோனி ஈ ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

17. பெயர் தெரியாத ஒரு மாற்றுருவைக் கொடுத்து எந்தக் குரோமோசோம்னு கேட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் இயல்வகையோடு இரண்டு திசையிலும் கலந்து, எஃப்1-ஐப் பாலைப் பிரித்துப் பாருங்கள். மாற்றுரு எஃப்1 மகள்களில் தெரிந்தால் ஓங்கு பண்பு. மாற்றுருத் தாயின் மகன்களில் மட்டும் தெரிந்தால் எக்ஸில் உள்ள ஒடுங்கு பண்பு. இரண்டு திசையிலும் தெரியவில்லை என்றால் ஆட்டோசோமில் உள்ள ஒடுங்கு பண்பு. அடுத்து 2, 3, 4-இல் எது என்பது.

இதற்கு இரண்டாம் குரோமோசோமில் கர்லியும் மூன்றில் ஸ்டபிளும் (முதுகு மயிர்க்கால்கள் குட்டையாகத் தடித்திருக்கும்) உள்ள ஸ்டாக் ஒன்று வேண்டும். இரண்டும் ஓங்கு பண்புகள். அந்த ஸ்டாக்கின் ஆணை மாற்றுருக் கன்னிப் பெண்ணோடு கலந்து, சுருள் சிறகும் தடித்த மயிர்க்காலும் ஒருங்கே உள்ள எஃப்1 ஆண்களை எடுங்கள். அவற்றை மறுபடி மாற்றுருக் கன்னிப் பெண்களோடு விடுங்கள். கலப்பு ஈ ஆணாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். கேள்வி 12-இல் எரிச்சலூட்டிய அதே குறுக்கேற்றமின்மை இங்கே வேலையைச் சுருக்குகிறது.

பிள்ளைகளைச் சுருள், ஸ்டபிள், இரண்டும், இரண்டும் இல்லை என நான்கு குவியலாகப் பிரியுங்கள். சுருள் சிறகு உள்ள எந்த ஈயிலும் மாற்றுரு இல்லை, நேர்ச்சிறகு ஈக்கள் எல்லாம் மாற்றுரு என்றால் இரண்டாம் குரோமோசோம். ஸ்டபிளுக்கு அப்படி நடந்தால் மூன்றாம் குரோமோசோம். நான்கு குவியலிலும் பாதிப் பாதி மாற்றுரு என்றால் மிச்சமிருப்பது நான்காம் குரோமோசோம்தான். அதில் மரபணுக்கள் மிகக் குறைவு என்பதால், இந்த முடிவு வந்தால் குவியலுக்கு 50 ஈயாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.